வெடிவாயு உள்ள இடத்துக்கு எந்த மோட்டார்? ஹெக்சேன் ஆலையை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டின் சிறிய, நடுத்தர ஆலைகளிலிருந்து மோட்டார் விற்பனையாளருக்குப் போகும் விலைக் கேட்பு பல நேரங்களில் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: "10 எச்.பி. ஃபிளேம்புரூஃப் மோட்டார் ஒன்று, விலை அனுப்பவும்." என்ன வாயு, எந்த ஸோன், எந்த வெப்பநிலை வகுப்பு, ஆலைக்குள் கோடையில் எவ்வளவு வெயில் ஏறும், வேகத்தை மாற்றும் டிரைவ் உண்டா என்ற ஐந்து கேள்விகளில் ஒன்றுக்கும் அதில் பதில் கிடையாது. விற்பனையாளர் கையிருப்பில் உள்ளதை அனுப்புகிறார். பெயர்ப்பலகையில் வெடிப்புப் பாதுகாப்பைக் காட்டும் 'எக்ஸ்' (Ex) என்ற குறியைப் பார்த்ததும் ஆலைக்காரர் நிம்மதியடைகிறார். அந்த மோட்டார் அந்த இடத்துக்குப் பொருந்தினால் அது தற்செயல்தான்.

உயிரும் உடைமையும் தற்செயலை நம்பி இருக்கக் கூடாது. அந்த ஐந்து கேள்விகளுக்கும் பதில் தேடும் முறையைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். பொதுவாகச் சொன்னால் மனதில் நிற்காது என்பதால், நம் ஊரில் பலரும் அறிந்த ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம்: அரிசித் தவிட்டிலிருந்து எண்ணெய் எடுக்கும் சால்வென்ட் எக்ஸ்ட்ராக்‌ஷன் ஆலை. தவிட்டில் எண்ணெய் சுமார் 15 முதல் 20 சதவீதம்தான். செக்கிலோ எக்ஸ்பெல்லரிலோ பிழிந்தால் கட்டுப்படியாகாது. அதனால் தவிட்டின் மீது ஹெக்சேன் என்ற கரைப்பானை ஊற்றி எண்ணெயைக் கரைத்தெடுத்து, பிறகு சூடாக்கி ஹெக்சேனை ஆவியாக்கிப் பிரித்து, குளிர்வித்து மீண்டும் பயன்படுத்துகிறார்கள். எக்ஸ்ட்ராக்டர், எண்ணெயும் ஹெக்சேனும் கலந்த மிசெல்லாவுக்கான தொட்டி, அதன் பம்புகள், தவிட்டிலிருந்து ஹெக்சேனை விரட்டும் டீசால்வென்டைசர், கண்டென்சர்கள், ஹெக்சேன் தொட்டி ஆகியவை எல்லாம் ஒரே கட்டடத்திலோ அதையொட்டியோ இருக்கும். ஒவ்வொன்றிலும் மோட்டார் உண்டு.

முதல் படி: வாயுவை அறிந்துகொள்ளுங்கள்

மோட்டார் பட்டியலைத் திறப்பதற்கு முன் கரைப்பானின் பாதுகாப்புத் தகவல் தாளைத் திறக்க வேண்டும். கரைப்பான் விற்றவரிடம் கேட்டால் தந்தாக வேண்டிய தாள் அது. அதில் நான்கு விவரங்களைத் தேடுங்கள்.

முதலாவது, ஃபிளாஷ் பாயின்ட், அதாவது திரவம் பற்றக்கூடிய அளவுக்கு ஆவி விடத் தொடங்கும் வெப்பநிலை. ஹெக்சேனுக்கு இது பூஜ்ஜியத்துக்குக் கீழ் 20 டிகிரியைவிடவும் குறைவு. அதாவது நம் ஊரில் எந்த மாதத்திலும், எந்த நேரத்திலும், திறந்து வைத்த ஹெக்சேன் பற்றக்கூடிய ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். 2002ஆம் ஆண்டின் பெட்ரோலியம் விதிகள் 23 டிகிரிக்குக் கீழ் ஃபிளாஷ் பாயின்ட் உள்ளவற்றை 'ஏ' வகுப்பில் வைக்கின்றன. ஹெக்சேன் அந்த வகுப்பு.

இரண்டாவது, கீழ் வெடிப்பு எல்லை. காற்றில் ஹெக்சேன் ஆவி 1 சதவீதத்தைச் சற்றுத் தாண்டினாலே கலவை வெடிக்கத் தயார். அம்மோனியாவுக்கு இந்த எல்லை சுமார் 15 சதவீதம். இரண்டும் எரியும் வாயுக்கள்தான் என்றாலும் அபாயத்தின் அளவு ஒன்றாக இல்லை.

மூன்றாவது, ஆவியின் எடை. ஹெக்சேன் ஆவி காற்றைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு கனமானது. மேலே போகாது, தரையில் தவழும். பள்ளம், கேபிள் டிரெஞ்ச், கழிவுநீர் வாய்க்கால் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் இறங்கித் தேங்கும். ஹைட்ரஜனும் மீத்தேனும் இதற்கு நேர்மாறு. கூரையின் மூலையில் போய்ச் சேரும்.

நான்காவது, தானாகப் பற்றும் வெப்பநிலை. ஹெக்சேனுக்குச் சுமார் 225 டிகிரி செல்சியஸ். பொறியே தேவையில்லை, இந்தச் சூட்டில் ஒரு பரப்பு இருந்தால் போதும். ஃபிளாஷ் பாயின்ட்டையும் இதையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. மோட்டாரின் வெப்பநிலை வகுப்பை முடிவு செய்வது இந்த நான்காவது எண்தான்.

இரண்டாம் படி: ஸோன் வரைபடம்

அபாயப் பகுதியை மூன்றாகப் பிரிக்கிறார்கள். வெடிக்கும் கலவை எப்போதுமோ நெடுநேரமோ இருக்கும் இடம் ஸோன் 0. வழக்கமான இயக்கத்திலேயே அவ்வப்போது உருவாகக்கூடிய இடம் ஸோன் 1. வழக்கமாக உருவாகாது, உருவானாலும் சிறிது நேரமே நீடிக்கும் என்ற இடம் ஸோன் 2. ஆண்டுக்கு 1000 மணி நேரத்துக்கு மேல் என்றால் 0, 10 முதல் 1000 மணி வரை என்றால் 1, 10 மணிக்கும் குறைவு என்றால் 2 என்று ஒரு கைக்கணக்கு புழக்கத்தில் உள்ளது. ஆரம்ப மதிப்பீட்டுக்கு அது உதவும்.

நம் ஆலையில் ஹெக்சேன் தொட்டியின் உட்புறம், திரவ மட்டத்துக்கு மேலுள்ள வெளி, ஸோன் 0. அங்கே மோட்டார் வைக்கும் பேச்சே வேண்டாம். பம்பை வெளியே வையுங்கள். மிசெல்லா பம்பின் சீல் அருகில், மாதிரி எடுக்கும் குழாயடியில், தொட்டியின் வென்ட் குழாய் வாயைச் சுற்றி, தரைமட்டத்துக்குக் கீழுள்ள எல்லாப் பள்ளங்களிலும் ஸோன் 1. அதற்கு அப்பால், காற்றோட்டம் நன்றாக உள்ள பகுதி ஸோன் 2.

இங்கே பள்ளத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். தரைமேல் ஸோன் 2 என்று குறித்த இடத்திலேயே இரண்டடி ஆழத்தில் ஒரு பம்பு குழி இருந்தால், கனமான ஆவிக்கு அந்தக் குழி ஸோன் 1 ஆகிவிடும். மேலே வைத்த மோட்டாரின் அதே மாடலைக் குழிக்குள்ளும் இறக்குவது நான் அதிகம் பார்த்த பிழை. குழியை மூடித் தரைமேல் பம்பை ஏற்ற முடியுமென்றால், விலை உயர்ந்த மோட்டாரைவிட அதுவே நல்ல முதலீடு.

வரைபடத்தை யார் வரைவது? மின் பொறியாளர் தனியாக வரையக் கூடாது. எந்த வால்வு எவ்வளவு கசியும், எந்த மூடி எப்போது திறக்கப்படும் என்பது ஆலையை ஓட்டுபவருக்குத்தான் தெரியும். இருவரும் பாதுகாப்பு அதிகாரியும் சேர்ந்து உட்கார வேண்டும். இந்தியத் தரநிலைகளில் ஐ.எஸ். 5572 இதற்கானது, சர்வதேச ஐ.இ.சி. தரநிலைத் தொடரில் 60079-10-1. சுத்திகரிப்பு ஆலைகள், எண்ணெய்க் கிடங்குகளுக்கு எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககத்தின் 113ஆம் தரநிலை உண்டு.

ஸோன் வரைபடம் காப்பது எதை, காக்காதது எதை என்றும் தெரிந்திருக்க வேண்டும். சீல் கசிவு, வென்ட் வழி வெளியேறும் ஆவி போன்ற எதிர்பார்க்கக்கூடிய வெளியேற்றங்களுக்குத்தான் அந்தக் கோடுகள் வரையப்படுகின்றன. தொட்டியே உடைவது போன்ற பேரழிவுகள் கணக்கில் வராது. 2009 அக்டோபர் 29 அன்று ஜெய்ப்பூர் சீதாபுரா எண்ணெய்க் கிடங்கில் பெட்ரோல் ஒன்றேகால் மணி நேரம் கட்டுப்பாடின்றிப் பீய்ச்சியடித்து, ஆவி கிடங்கு முழுவதும் பரவி வெடித்தது. 11 பேர் இறந்தனர். நிர்வாகக் கட்டடத்திலிருந்த சாதாரண மின்சாதனமோ, கிளப்பிய ஒரு வாகனத்தின் பொறியோ பற்றவைத்திருக்கலாம் என்று விசாரணைக் குழு கூறியது. ஆவி அவ்வளவு தூரம் போய்விட்டால் பம்பின் மோட்டார் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. கசிவைத் தடுப்பது முதல் வேலி, மோட்டார் அதற்கடுத்ததுதான்.

மூன்றாம் படி: வாயுக் குழு

நிலத்தின் மேலுள்ள ஆலைகளின் வாயுக்கள் இரண்டாம் குழுவில் அடங்கும். சுரங்கங்களுக்கு முதலாம் குழு தனி. இரண்டாம் குழுவை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். பலகையில் 'இரண்டு' என்பது ரோமன் எண்ணில் (IIA, IIB, IIC என்று) இருக்கும். ஆலையில் 'டூ ஏ', 'டூ பி', 'டூ சி' என்று சொல்வது வழக்கம்.

பிரிப்புக்கு அடிப்படை, சுடர் எவ்வளவு குறுகிய இடுக்கில் நுழைந்து மறுபக்கம் போகும் என்ற சோதனை. புரொபேனின் சுடர் 0.92 மில்லிமீட்டருக்குக் குறைந்த இடுக்கில் அணைந்துவிடும். எத்திலீனுக்கு 0.65. ஹைட்ரஜனோ 0.29 மில்லிமீட்டர் இடுக்கு வரை தப்பித்துப் போகும். 0.9க்கு மேல் என்றால் 2ஏ, 0.5 முதல் 0.9 வரை 2பி, 0.5க்குக் கீழ் 2சி.

நம் ஊர் ஆலைகளில் அடிக்கடி எதிர்ப்படுபவற்றை வரிசைப்படுத்தினால்: ஹெக்சேன், பெட்ரோல், எல்.பி.ஜி., டொலுவீன், அசிட்டோன், மீத்தேன், அம்மோனியா ஆகியவை 2ஏ. எத்தனால், எத்திலீன், ஈதர், ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆகியவை 2பி. ஹைட்ரஜன், அசிட்டிலீன், கார்பன் டைசல்ஃபைடு ஆகியவை 2சி. சாராய ஆலைக்காரர்கள் எத்தனாலைப் பழைய வழக்கத்தில் 2ஏ என்றே எண்ணிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன். இப்போதைய அட்டவணையில் அதன் இடுக்கு அளவு 0.89 மில்லிமீட்டர்; கோட்டுக்குச் சற்றே அப்பால், 2பியில்.

மேலான குழுவுக்கான மோட்டாரைக் கீழான குழுவுக்குப் பயன்படுத்தலாம். 2பி மோட்டார் ஹெக்சேனுக்குப் பொருந்தும். தலைகீழாகப் பொருந்தாது. இதே தவிட்டு எண்ணெய் ஆலையை விரிவாக்கி, பக்கத்தில் வனஸ்பதிக்காக ஹைட்ரஜனேற்றப் பிரிவு தொடங்கினால், எக்ஸ்ட்ராக்‌ஷனில் உபரியாக இருக்கும் 2பி மோட்டாரை எடுத்து ஹைட்ரஜன் கம்ப்ரெஸரில் மாட்டும் ஆசை வரும். கூடவே கூடாது.

நான்காம் படி: வெப்பநிலை வகுப்பு

மோட்டாரின் பரப்பு உச்சமாக எவ்வளவு சூடேறலாம் என்பதை ஆறு வகுப்புகளாகக் குறிக்கிறார்கள். டி1 (பலகையில் T1) என்றால் 450 டிகிரி, டி2 300, டி3 200, டி4 135, டி5 100, டி6 85 டிகிரி. எண் கூடக் கூட மோட்டார் குளிர்ந்தது. வாயு தானாகப் பற்றும் வெப்பநிலையைவிட மோட்டாரின் உச்சச் சூடு குறைவாக இருக்க வேண்டும்.

ஹெக்சேன் 225 டிகிரியில் பற்றும். டி2 மோட்டார் 300 வரை போகலாம், ஆகாது. டி3 மோட்டார் 200இல் நிற்கும், சரி. டி4 வாங்கினால் இன்னும் இடைவெளி கிடைக்கும்; இந்தியச் சந்தையில் டி4 எளிதாகவே கிடைக்கிறது என்பதால் நான் அதையே எழுதச் சொல்வேன். ஹைட்ரஜனுக்கு டி1 போதும், அசிட்டிலீனுக்கு டி2, எல்.பி.ஜி.க்கு டி2, ஈதருக்கு டி4. விஸ்கோஸ் ரேயான் தயாரிப்பில் வரும் கார்பன் டைசல்ஃபைடு 100 டிகிரிக்கும் கீழேயே பற்றிக்கொள்ளும். அதற்கு டி6 தவிர வேறு வழியில்லை.

குழுவும் வகுப்பும் ஒன்றையொன்று சாராதவை. '2பி டி6' என்ற பலகையைப் பார்த்ததும் இதைவிட உயர்ந்தது இல்லை என்று தோன்றும். ஆனால் டி1 போதுமான ஹைட்ரஜனுக்கு அந்த மோட்டார் தகுதியற்றது. சூட்டில் தேறியது, இடுக்கில் தவறியது.

இனி, நம் தட்பவெப்பத்துக்கே உரிய கண்ணி ஒன்று. பலகையில் தனியாக எதுவும் எழுதாவிட்டால் அந்த மோட்டார் பூஜ்ஜியத்துக்குக் கீழ் 20 டிகிரி முதல் 40 டிகிரி வரையுள்ள சுற்றுப்புறத்துக்கே சான்று பெற்றது என்று பொருள். வேலூர், திருத்தணி, கரூர்ப் பக்கம் மே மாதத்தில் நிழலிலேயே 40ஐத் தாண்டும். டீசால்வென்டைசருக்கு நீராவி போகும் தளத்தில் அதற்கு மேலும் ஏறும். 40 டிகிரிக்குச் சோதித்த மோட்டாரை 48 டிகிரியில் ஓட்டினால் அதன் டி4 முத்திரை செல்லாது. 50 டிகிரி சுற்றுப்புறத்துக்குச் சான்றுள்ள மோட்டாரைக் கேளுங்கள். அது பலகையிலும் சான்றிதழிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். விற்பனையாளரின் வாய்மொழி போதாது.

ஐந்தாம் படி: பாதுகாப்பு வகை

தேர்வின் நடுப்பகுதி இதுதான். ஒரே ஆபத்தை நான்கு வகை மோட்டார்கள் நான்கு விதமாகக் கையாள்கின்றன.

ஃபிளேம்புரூஃப், அதாவது 'எக்ஸ் டி' (Ex d) வகையின் அடிப்படையைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். வாயு உள்ளே புகாதபடி மூடிய மோட்டார் என்று நினைக்கிறார்கள். வாயு உள்ளே புகத்தான் செய்யும். ஓடிச் சூடான மோட்டாரை நிறுத்திக் குளிரவிட்டால், அது சுற்றியுள்ள காற்றை உள்ளிழுக்கும். அந்தக் காற்றில் ஹெக்சேன் இருந்தால் அதையும் சேர்த்து. உள்ளே பொறி எழுந்தால் வெடிக்கும். அந்த வெடிப்பைத் தாங்கும் வலுவோடு உறையை வார்த்திருக்கிறார்கள். மோட்டாரின் முனை மூடியான எண்ட் ஷீல்டும் உடலும் சேரும் இடம், தண்டு வெளிவரும் இடம், டெர்மினல் பெட்டியின் மூடி ஆகிய இணைப்புகளில் உலோகத்தோடு உலோகம் படியும் அகலமான பரப்பு இருக்கும். நடுவே தலைமுடி அளவு இடுக்கு. இதுதான் ஃபிளேம் பாத். சூடான வாயு அந்த நீண்ட இடுக்கு வழியாக வெளியேறும்போது வெப்பத்தை உலோகத்திடம் இழந்து, வெளியே உள்ள கலவையைப் பற்றவைக்க வலுவில்லாமல் போகிறது. அந்த மூடியில் ரப்பர் கேஸ்கட் இல்லையே என்று வருத்தப்பட்டுத் தாமாகவே ஒன்றை வெட்டி வைப்பவர்கள், மோட்டாரின் உயிர்நாடியையே அறுக்கிறார்கள். ஸோன் 1இலும் 2இலும் இவ்வகையை வைக்கலாம். புதிய பலகைகளில் 'எக்ஸ் டிபி' (Ex db) என்று இருக்கும்.

'எக்ஸ் இ' வகை வேறு வழியில் போகிறது. உள்ளே பொறியோ மிகைச் சூடோ எழவே கூடாது என்று இன்சுலேஷன், இடைவெளிகள், டெர்மினல்கள் அனைத்தையும் கூடுதல் கவனத்தோடு அமைப்பது அது. எடை குறைவு, பெரிய மோட்டார்களில் விலையும் குறைவு. ஆனால் உறை வெடிப்பைத் தாங்காது என்பதால் உட்புறச் சூடும், சுழலும் பகுதியான ரோட்டார் உட்பட, வெப்பநிலை வகுப்புக்குள் அடங்க வேண்டும். ரோட்டார் சிக்கி நின்றுவிட்டால் சில நொடிகளில் சூடு எல்லை தாண்டும். அந்த நொடிகள் பலகையில் 'டிஇ' நேரம் என்று எழுதப்பட்டிருக்கும். 5 நொடிக்குக் குறையாது. தொடக்க மின்னோட்டம் முழுச் சுமையைப்போல் எத்தனை மடங்கு என்பதும் அருகிலேயே இருக்கும். உதாரணமாக 6 மடங்கு, 8 நொடி என்றால், குளிர்ந்த நிலையிலுள்ள ஓவர்லோட் ரிலே 6 மடங்கு மின்னோட்டத்தில் 8 நொடிக்குள் துண்டிக்க வேண்டும். ரிலே தயாரிப்பாளரின் வளைவரையை எடுத்து இதைச் சரிபார்க்காமல் எக்ஸ் இ மோட்டாரை இயக்குவது சட்டத்துக்கும் அறிவுக்கும் புறம்பு. அடிக்கடி நின்று கிளம்பும் வேலைக்கும், நீண்ட நேரம் எடுத்து வேகம் பிடிக்கும் பெரிய விசிறிக்கும் இவ்வகையைத் தவிர்ப்பேன்.

'எக்ஸ் இசி' என்பது ஸோன் 2க்கு மட்டுமானது. பழைய பலகைகளில் 'எக்ஸ் என்ஏ', பொறி எழுப்பாத வகை. வழக்கமான இயக்கத்தில் பொறி எழாது என்பதே அதன் உறுதி. சாதாரண மோட்டாரைவிடச் சற்றே விலை கூடும். திறந்தவெளியில், பள்ளமில்லாத இடத்தில், ஸோன் 2 என்று உறுதியாகத் தெரிந்தால் இது நேர்மையான தேர்வு.

காற்றழுத்த வகையான 'எக்ஸ் பி', தூய காற்றை உள்ளே செலுத்தி வெளியைவிடச் சற்று அழுத்தம் கூடுதலாக வைத்திருப்பது. கிளப்புமுன் உட்புறத்தைக் காற்றால் கழுவ வேண்டும், அழுத்தம் குறைந்தால் எச்சரிக்கவோ துண்டிக்கவோ ஏற்பாடு வேண்டும். ஆயிரக்கணக்கான கிலோவாட் உள்ள உயர் மின்னழுத்த மோட்டார்களுக்கே இந்தச் செலவு தகும். நம் ஆலைக்குத் தேவையில்லை.

பலகையின் கடைசியில் வரும், சாதனத்தின் பாதுகாப்பு நிலையைச் சொல்லும் ஜிபி (Gb), ஜிசி (Gc) என்ற எழுத்துகள் இந்தத் தேர்வை எளிதாக்குகின்றன. ஸோன் 1க்கு ஜிபி வேண்டும். ஸோன் 2க்கு ஜிசி போதும், ஜிபியும் சரி.

இப்போது முடிவெடுப்போம். மிசெல்லா பம்பு, ஹெக்சேன் பம்பு, எக்ஸ்ட்ராக்டர் டிரைவ் ஆகியவற்றுக்கு எக்ஸ் டிபி, 2பி, டி4, ஜிபி. ஸோன் 2இல் மட்டும் விழும் மோட்டார்களுக்கு எக்ஸ் இசி வாங்கி மிச்சம் பிடிக்கலாம். ஆனால் 20, 30 மோட்டார்கள் உள்ள ஒரு சிறிய ஆலையில் நான் எல்லாவற்றையும் எக்ஸ் டிபி ஆகவே வாங்கச் சொல்வேன். ஓர் இரவில் மோட்டார் எரிந்து, ஸ்டோரில் இருக்கும் உபரியை எடுத்து மாட்டும் பணியாளர் ஸோன் வரைபடத்தை விரித்துப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்.

ஆறாம் படி: வேகம் மாற்றும் டிரைவ் இருந்தால்

எக்ஸ்ட்ராக்டர் மெதுவாக, தேவைக்கேற்ற வேகத்தில் ஓட வேண்டியது. அதனால் வி.எஃப்.டி. எனப்படும் வேகம் மாற்றும் டிரைவ் தவிர்க்க முடியாது. வேகம் குறையும்போது தண்டிலேயே மாட்டிய விசிறியும் மெதுவாகச் சுற்றும். சுமை அப்படியே இருக்க, குளிர்ச்சி குறையும். டிரைவ் தரும் மின்சாரத்தின் அலைவடிவமும் கூடுதல் சூட்டைத் தரும். ஆகவே டிரைவில் ஓட்டத் தகுதியானது என்று சான்றிதழிலேயே எழுதப்பட்ட மோட்டார் வேண்டும், எந்த வேகம் முதல் எந்த வேகம் வரை என்ற எல்லையோடு. மோட்டாரின் கம்பிச் சுற்றான வைண்டிங்கில் பதித்த, சூட்டை உணரும் பி.டி.சி. தெர்மிஸ்டர்களை ரிலேயில் இணைத்து, சூடு கூடினால் மின்சாரமே துண்டிக்கும்படி செய்ய வேண்டும். அலாரம் மட்டும் போதாது. பெரிய மோட்டார்களில் பேரிங் வழி மின்னோட்டம் பாய்ந்து பொறி எழுவதைத் தடுக்க இன்சுலேட்டட் பேரிங் கேளுங்கள். எக்ஸ் இ வகையை டிரைவில் ஓட்டுவதென்றால் அதற்கெனச் சோதித்துச் சான்றளித்திருக்க வேண்டும். தொல்லை அதிகம், எக்ஸ் டிபியே மேல். டிரைவ் பெட்டியை ஸோனுக்கு வெளியே, மோட்டார்களின் கட்டுப்பாட்டுப் பலகைகள் உள்ள எம்.சி.சி. அறையில் வையுங்கள்.

ஏழாம் படி: சான்றிதழைப் படியுங்கள்

இந்தியாவில் பெட்ரோலியம் விதிகளின் கீழ் வரும் இடங்களில் வைக்கும் மின்சாதனத்துக்கு, நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின், அதாவது பெசோவின், ஒப்புதல் வேண்டும். சுரங்கத்துக்குத் தன்பாத்தில் உள்ள சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம். ஐரோப்பாவின் ஏடெக்ஸ் சான்றோ சர்வதேச ஐ.இ.சி. எக்ஸ் சான்றோ இருந்தால் தரத்துக்கு நல்ல ஆதாரம். பெசோ ஒப்புதலுக்கு மாற்று ஆகாது.

சான்றிதழின் நகலை வாங்கி, மாடல் எண், ஃபிரேம் அளவு, கிலோவாட், சுற்றுப்புற வெப்பம் ஆகியவற்றைப் பலகையோடு ஒத்துப்பாருங்கள். சான்றிதழ் எண்ணின் இறுதியில் 'எக்ஸ்' (X) என்ற தனி எழுத்து இருந்தால் சிறப்பு நிபந்தனைகள் உண்டு என்று பொருள். அந்த நிபந்தனைகள் சான்றிதழின் உள்ளேதான் இருக்கும், பலகையில் இருக்காது. அதே இடத்தில் 'யு' இருந்தால் அது முழுச் சாதனமல்ல, உறுப்புக்கான சான்று. தனியாக நிறுவக் கூடாது.

பழைய இயந்திரங்களோடு அமெரிக்க மோட்டார்கள் இறக்குமதியாகி வருவதுண்டு. அங்கே கிளாஸ், டிவிஷன், குரூப் என்ற வேறு முறை. எழுத்து வரிசையும் தலைகீழ்: குரூப் ஏ என்பது அசிட்டிலீன், பி ஹைட்ரஜன், சி எத்திலீன், டி புரொபேன். அங்குள்ள 'ஏ'யை இங்குள்ள 2ஏ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எட்டாம் படி: விலைக் கேட்பை எழுதுங்கள்

மிசெல்லா பம்புக்கான கேட்பு இப்படி இருக்கலாம்: "7.5 கிலோவாட், 4 போல், 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், மூன்று ஃபேஸ், தொடர் இயக்கம். வாயு: ஹெக்சேன். ஸோன் 1. எக்ஸ் டிபி, 2பி, டி4, ஜிபி. சுற்றுப்புறம் 50 டிகிரி. தூசி, நீர் தடுப்பு ஐ.பி. 55 அல்லது மேல். நேரடித் தொடக்கம், டிரைவ் இல்லை. கேபிள் நுழைவுத் துளைகளின் எண்ணிக்கை, மரை அளவு குறிப்பிடவும். பெசோ ஒப்புதல் நகலும் சோதனை அறிக்கையும் மோட்டாரோடு வர வேண்டும்." இதற்கு எழுத்தில் பதில் தரத் தயங்கும் விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம்.

அதே கேட்பில் அருகில் வரும் புஷ் பட்டன் பெட்டி, ஐசொலேட்டர், ஜங்ஷன் பாக்ஸ், கேபிள் நுழையும் இடத்தில் அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்ட் ஆகியவற்றையும் அதே குழு, அதே ஸோனுக்குச் சேர்த்துக் கேளுங்கள். பம்பும் பற்றவைக்கும் மூலமே: திரவமின்றி ஓடும் மெக்கானிக்கல் சீல் சில நிமிடங்களில் ஆபத்தான சூட்டை எட்டும். வறண்டு ஓடினால் நிறுத்தும் பாதுகாப்பு இல்லாமல் மோட்டாருக்கு மட்டும் செலவழிப்பது பாதி வேலை.

ஒன்பதாம் படி: நிறுவும்போது

நல்ல மோட்டார் கெடுவது பெரும்பாலும் கேபிள் நுழையும் இடத்தில். மழைக்கான டபுள் கம்ப்ரெஷன் கிளாண்டும் ஃபிளேம்புரூஃப் டபுள் கம்ப்ரெஷன் கிளாண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். விலையில் பெரிய வித்தியாசம். கிளாண்டின் உடலில் பொறித்த எக்ஸ் குறியையும் குழுவையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மரைகள் முழுமையாக ஏறியிருக்க வேண்டும். பயன்படாத துளையில் சான்றுள்ள உலோக அடைப்பு வேண்டும். மோட்டாரோடு வந்த பிளாஸ்டிக் மூடி, பயணத்தில் தூசி புகாமலிருக்க வைத்தது.

ஃபிளேம் பாத் வழி வாயு தடையின்றி வெளியேற வேண்டும் என்பதால், இணைப்புக்கு எதிரே சுவரோ தூணோ குழாயோ நெருங்கி இருக்கக் கூடாது. 2ஏவுக்குக் குறைந்தது 10 மில்லிமீட்டர், 2பிக்கு 30, 2சிக்கு 40. மூடியின் போல்ட் ஒன்றுகூட விடுபடக் கூடாது, சான்றிதழில் சொன்ன வலிமை வகுப்பிலேயே இருக்க வேண்டும். நான்கு போல்ட்டில் ஒன்று தொலைந்து, மூன்றோடு ஓடும் டெர்மினல் பெட்டி ஃபிளேம்புரூஃப் அல்ல. இணைப்புப் பரப்பில் பெயின்ட் அடிக்காதீர்கள். உறையாத கிரீஸை மெல்லப் பூசுங்கள். உள் எர்த்தும் வெளி எர்த்தும் இரண்டும் இணைக்கப்பட வேண்டும்.

பத்தாம் படி: ஆய்வும் ரீவைண்டிங்கும்

பார்வை ஆய்வு, நெருங்கிய ஆய்வு, திறந்து செய்யும் விரிவான ஆய்வு என்று மூன்று நிலைகளைத் தரநிலை 60079-17 வகுக்கிறது. இரண்டு ஆய்வுகளுக்கு நடுவே மூன்றாண்டுக்கு மேல் போகக் கூடாது, நிபுணர் ஆலோசனை இருந்தாலன்றி. தவிட்டுத் தூசியும் நீராவியும் கலந்த நம் ஆலையில் விசிறிக் கவசம் ஒரு மாதத்திலேயே அடைத்துக்கொள்ளும். அடைத்தால் குளிர்ச்சி போய் வெப்பநிலை வகுப்பும் போகும். அதை மாதாந்தர வேலையில் சேருங்கள்.

வைண்டிங் எரிந்தால்தான் பெரிய சோதனை. ஊர்க்கடையில் கொடுத்தால் மறுநாளே ஓடும் நிலையில் வரும். அங்கே என்ன நடக்கிறது என்று கிட்டத்தில் பார்க்க வேண்டும். எண்ட் ஷீல்டை உளியால் நெம்பித் திறப்பார்கள். ஃபிளேம் பாத் பரப்பில் வெட்டு விழும். துருவை எமரித் தாளால் தேய்ப்பார்கள், இடுக்கு அகலும். பேரிங் இருக்கை தேய்ந்திருந்தால் பஞ்ச் அடித்து இறுக்குவார்கள். தண்டு சற்றே விலகி, ஒரு பக்கம் இடுக்கு கூடும். கம்பியின் கனமும் சுற்றும் மாறினால் சூடு மாறும். மோட்டார் நன்றாக ஓடும். பாதுகாப்பு மட்டும் போயிருக்கும், கண்ணுக்குத் தெரியாமல்.

எக்ஸ் மோட்டாரை 60079-19 தரநிலையின்படி பழுது பார்க்கத் தகுதியுள்ள பட்டறைக்கோ தயாரிப்பாளருக்கோதான் அனுப்ப வேண்டும். சரியாகச் செய்தவர் தம் பலகையை மோட்டாரில் பொருத்துவார். அதில் 'ஆர்' என்ற எழுத்து சதுரத்துக்குள் இருந்தால், பழைய சான்றிதழுக்கும் தரநிலைக்கும் உட்பட்டே பழுது பார்க்கப்பட்டது. தலைகீழ் முக்கோணத்துக்குள் இருந்தால், தரநிலைக்குப் பொருந்துகிறது, ஆனால் மூலச் சான்றிதழோடு ஒத்துப்போகும் என்ற உறுதி இல்லை. தயாரிப்பாளரைக் கேட்காமல் மீண்டும் மாட்ட வேண்டாம்.

பட்டறை தரும் அறிக்கையில் இணைப்பு இடுக்குகளின் அளவுகள், வைண்டிங் விவரம், இன்சுலேஷன் சோதனை ஆகியவை எழுத்தில் இருந்தால் மோட்டாரைப் பழைய இடத்திலேயே பொருத்தலாம். இல்லையென்றால் அதன் எக்ஸ் பலகையைக் கழற்றிவிட்டு, ஸோனுக்கு வெளியே தண்ணீர்ப் பம்புக்கோ நெல் பிரிவுக்கோ கொடுத்துவிடுங்கள்.